சிவப்புக் கோடுகளோடு மூன்று நாள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரியபட்டினத்தில் என் மாமியார் வீட்டு மாடி அறையில் நடந்தது இது. கணவர் சவுதியில் இருந்தார். மகள் பிறந்ததிலிருந்து ஐந்து வருஷம் வேலைக்குப் போகாமல் இருந்த எனக்கு, வீட்டிலிருந்தே செய்கிற சாஃப்ட்வேர் வேலை ஒன்று கிடைத்தது. கம்பெனி பெங்களூரில். டீமில் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

முதல் நாள், ப்ரோகிராம் எழுதுகிற எடிட்டரில் ப்ராஜெக்டைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். 'இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று நூற்றுக்கணக்கில் எரர். பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. டீமில் கேட்கலாம்தான். ஆனால், 'அஞ்சு வருஷம் வீட்டில் இருந்தவள்தானே' என்று நினைத்துவிட்டால்? காலை மீட்டிங்கில் "எல்லாம் நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன்.

இல்லாத ஃபங்ஷன்களை, அந்தச் சின்னச் சின்ன ப்ரோகிராம் துண்டுகளை, நானே கையால் எழுத ஆரம்பித்தேன். ஒரு ஃபைல், இரண்டு ஃபைல் என்று நாற்பது ஃபைல் வரை போனது. சாப்பாட்டை மேலே கொண்டுவந்த மாமி, "இங்கன தனியா உக்காந்து யார்கூடயும் பேசாம என்னம்மா பண்றே?" என்றார். "வேலை மாமி" என்றேன். போனில் கணவரிடமும் அதே பதில்தான். மூன்றாம் நாள் மதியம், வேலையை விடுகிறேன் என்று மேனேஜருக்கு மெயில் எழுதி, அனுப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது டீமின் சீனியர் அக்கா ஒருவர் கூப்பிட்டார். "மூணு நாளா உன்கிட்ட இருந்து ஒரு கேள்விகூட வரலையேம்மா. அதான் கூப்பிட்டேன்."

என் திரையை அவருக்குத் தெரிகிற மாதிரி பகிர்ந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுல அனோட்டேஷன் லைப்ரரின்னு ரெடிமேட் ப்ரோகிராம் ஒண்ணு இருக்கும்மா. ஃபைல் மேல ஒரு வார்த்தை போட்டா, அந்த ஃபங்ஷனையெல்லாம் அதுவே உண்டாக்கிடும். அது உன் எடிட்டருக்குத் தெரியாது. அதுக்குன்னு இருக்கிற ப்ளகினை எடிட்டர்ல சேத்து, செட்டிங்ஸ்ல ஒரு டிக் வை."

வைத்தேன். எடிட்டரை மூடித் திறந்தேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. கையால் எழுதியது அத்தனையும் வீண்.

"நானும் இதுக்காக ரெண்டு நாள் பாத்ரூம்ல போய் அழுதவதான்" என்றார்.

"பெறகு ஏன்க்கா புதுசா வர்றவங்களுக்குக் குடுக்குற செட்டப் டாக்குமெண்ட்ல இது இல்ல?"

"வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் எழுதலை. நானும்தான்."

மெயிலை அழித்தேன். சாயங்காலமே ப்ளகினையும் டிக்கையும் பற்றி இரண்டு வரியை டாக்குமெண்டில் சேர்த்தேன்.

அடுத்த மாதமே அந்த அக்கா வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மாடி அறையில் இன்றும் நான் மட்டும்தான். ஆனால், புதிதாகச் சேர்ந்தவர் யாராவது இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்தால், உடனே நானே கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். தெரியாமல் போனதைவிட, தெரியவில்லை என்று சொல்ல எனக்கு யாருமில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டதுதான் அந்த மூன்று நாளும் என்னை வாட்டியது என்று இப்போது புரிகிறது.