பாண்டிக்கு டர்போ தெரியும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குச் சாயாக்கடை பாபு சேட்டன் போன் செய்தார். “சாரே, நம்ம பாண்டி போயி” என்றார். சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கா, திருவிழா ஏதாவதா என்று கேட்டேன். “மரிச்சு போயி சாரே. வண்டிக்கு அடியில இருந்து எழுந்தாரு, சாயா வேணும்னு சொன்னாரு, நான் கொண்டு போறதுக்குள்ள…” என்று நிறுத்திக்கொண்டார். அன்று காலை எட்டு மணிக்குத்தான் மத்தி வாங்கிக்கொண்டு எதிரே வந்தவருக்குக் கை காட்டினேன். அந்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நாற்பத்தேழு வயது.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கோடவுனுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பால்பாண்டி அவர்களை இங்குள்ள தமிழ்க் குடும்பத்தார் எல்லோரும் அறிவோம். அறியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நல்ல உயரம், மெல்லிய குரல். கோபமாக வருகிறவர்களை முதலில் பெஞ்சில் உட்கார வைப்பார். “மொதல்ல ஒரு சாயா குடிங்க. சூடா இருக்கிற இஞ்சினையும் நான் தொட மாட்டேன், சூடா இருக்கிற ஆளையும் தொட மாட்டேன்” என்பார். சொந்த ஊர்ப் பேச்சும் மலையாளமும் கலந்து அவர் பேசுவதைக் கேட்டு என் மனைவி கலா சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறாள்.

அந்தக் கலாதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பழைய டர்போ பெட்ரோல் காரை அவரிடம் கொண்டு போகச் சொன்னாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் ஞாயிறு தோறும் சந்தைக்குப் போகையில் கூடவே வருவாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு டேங்க் நிரப்புவது எங்கள் வழக்கம். அது வாராவாரம் ஆகி, பிறகு சனிக்கிழமையே முள் அடியைத் தொட ஆரம்பித்தது. “அண்ணே, இந்த வண்டி பெட்ரோலைக் குடிக்கலை, குளிக்குது” என்று பாண்டியிடம் முறையிட்டாள்.

ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாய்தான் பழைய வண்டிகளில் முதலில் வெடிக்கும் என்று சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றினார். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று நான்கு சக்கரங்களையும் தூக்கிக் கையால் சுற்றினார். புகைக்குழாயில் இருக்கும் சென்சாரைச் சோதித்தார். கடைசியில் டேங்கை வாய்வரை நிரப்பி, வைப்பின் தீவுப் பக்கம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி நிரப்பினார். லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுத்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை.

அன்று மாலை என்னை மட்டும் வரச் சொன்னார். ஓட்டுநர் கதவைத் திறந்து, ஆயில் மாற்றும்போது அன்றைய தேதியும் கிலோமீட்டரும் எழுதித் தாம் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டினார்.

“சார், இது நான் ஒட்டி மூணு மாசம் ஆச்சு. வண்டி எழுநூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. தினமும் காக்கநாடு போய்ட்டு வர்ற வண்டி.”

நான் கதவைச் சாத்தப் போனேன்.

“பிளக்குல ஒரே கரி. நின்ன எடத்துலயே ஏசி போட்டு எரிஞ்சிருக்கு. எங்க சார் நிக்கிறீங்க?”

ஃபோர்ட் கொச்சியில், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில். இதை முதன்முதலில் பாண்டியிடம்தான் சொன்னேன். காக்கநாட்டில் என் வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் எட்டரைக்குக் கலா கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு கிளம்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மாலை ஐந்து வரை அந்தக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பாண்டி என் பக்கம் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல சொல்லிருங்க சார். நீங்க சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்.”

“கலா கேட்டால்? குழாய் வெடிச்சிருந்தது, மாத்திட்டேன்னு சொல்லிடுங்களேன்” என்றேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் எனக்கு.

“மாத்தாத சாமானை மாத்துனேன்னு நான் இதுவரைக்கும் சொன்னதில்ல சார். எனக்குப் பிடிபடலைன்னு சொல்லிருறேன்.”

அப்படியே சொன்னார். கலா பொரிந்து தள்ளினாள். ஒரு வாரம் வண்டியைப் போட்டுவைத்துவிட்டுத் தெரியாது என்பதா? சுள்ளிக்கல்லில் எங்கள் தெருவில் தொடங்கி, தெரிந்த தமிழ் வீடுகள் அத்தனைக்கும் சொன்னாள்: பாண்டி அண்ணன் நல்ல மனுசன், ஆனால் டர்போ வண்டி தெரியாது. டிராவல்ஸ் வைத்திருக்கும் சுந்தரம் தம்முடைய மூன்று வண்டிகளையும் தோப்பும்படியில் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்த மாதம் எனக்கு வேறு வேலை கிடைத்தது. டேங்க் பழையபடி இரண்டு வாரம் வந்தது. வேறொரு இடத்தில் சர்வீஸ் விட்டிருந்ததால் அந்தப் பெருமை அவர்களுக்குப் போயிற்று. இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நான் இருந்துவிட்டேன். “வீட்டுல சொல்லிட்டீங்களா?” என்று பாண்டி மூன்று முறை கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். என் கோழைத்தனத்துக்கு அவர் தம் தொழில் பேரைக் கொடுத்திருந்தார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கும் போதெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் மதியம் நானும் கலாவும் அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் இறந்துவிட்டார் என்பதே எனக்கு உறைத்தது. கலா அவர் மனைவி பேச்சியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எங்க வண்டிய வச்சு அண்ணனை என்னென்னமோ பேசிட்டேன் பேச்சி” என்றாள்.

“அதனால என்னக்கா” என்றார் பேச்சியம்மாள். “அந்த ஒரு வண்டிதான் அவருக்குப் பிடிபடல. எனக்கே ஆச்சரியமா இருக்கும், கேப்பேன். எல்லாமா பிள்ளே நமக்குத் தெரியும்னு சிரிப்பாரு.”

மனைவியிடம் சொல்லியிருப்பார் என்றுதான் இரண்டு வருடமும் நினைத்திருந்தேன். சொந்த வீட்டிலும் வேலை தெரியாதவராகவே இருந்திருக்கிறார்.

அங்கேயே சொன்னேன். மரத்தடி, ஏசி, சாப்பாட்டு டப்பா, ஸ்டிக்கர், கரி, எல்லாவற்றையும் எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். கூடத்தில் அழுகை நின்றுவிட்டது. பேச்சியம்மாள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கணவர் முகத்துக்கு நேரே குனிந்து, “கண்டுபிடிச்சிட்டீகளா? என்கிட்டகூடச் சொல்லலியே” என்று அவரைக் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

புதன்கிழமையிலிருந்து கலா ஒவ்வொரு வீடாகப் போன் செய்துகொண்டிருக்கிறாள். “கலா பேசுறேன். பாண்டி அண்ணனுக்கு வேலை தெரியாதுன்னு சொன்னேன்ல, அது பொய்யி. வண்டில குத்தமில்ல. ஓட்டுனவர் மேலதான் குத்தம். அண்ணன் அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாரு.” என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று சுந்தரத்தின் முறை வந்தது. அவர் ஏதோ கேட்டார். கலா என் முகத்தைப் பார்க்காமலே போனை என் பக்கம் நீட்டினாள்.

“அப்போ பாண்டி ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” என்றார் சுந்தரம் மறுபடியும்.

போய் வாருங்கள் பாண்டி. இனி கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன் நான்.