ஒரு தீப்பெட்டி மல்லி

கஸ்தூரி விதையை வறுத்துக் கொடுக்கிறாள் என்ற செய்தி, 1991 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாளையம்பட்டியில் புறப்பட்டது. அதே நேரத்துக்குக் கிளம்பிய டவுன் பஸ்ஸுக்கு முன்பாகவே அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் வந்து இறங்கிவிட்டது. பஸ்ஸாவது வழியில் நாலு இடத்தில் நிற்கும்.

புறப்படும்போது ஒரு தீப்பெட்டி அளவு மல்லி விதைதான் வறுபட்டிருந்தது. வந்து சேர்வதற்குள் வெண்டை, புடலை, பீர்க்கு எல்லாம் சட்டிக்குள் விழுந்துவிட்டன. "நல்லா மொளைச்சுட்டா அடுத்த வருசம் அவளத் தேடி யாரு போவா? அதான் வறுக்குறா" என்று காரணமும் கூடவே வந்தது. சும்மா கொடுக்கிற விதையை வறுத்து ஒருத்திக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. விறகுக்கு அவள் எங்கே போவாள் என்றும் கேட்கவில்லை.

விசாரித்துப் பார்த்தால் இந்த வதந்தியில் ஒரு சங்கடம் இருக்கிறது. மல்லி வறுபட்டது நிஜம். வறுபட்ட மல்லி மண்ணுக்குள் போனதும் நிஜம். பொய் ஒரே ஒரு இடத்தில்தான் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கஸ்தூரிக்கு மூன்று நாள் கிடைத்தது.

கஸ்தூரி பரளச்சியில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் புளிக்கும் உப்புக்கும் பதிலாக ஒரு படி மல்லியை அளந்து கொட்டிவிட்டுப் போவார்கள். எது விதைக்கு ஆகும், எது குழம்போடு சரி என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சொல்ல அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தால் கணவர் சுப்புராஜுக்கும் பலசரக்குக் கடைதான். அதே புளி, அதே உப்பு. ஒன்றுதான் வேறு. இங்கே கடைக்கு வருகிறவர்கள் கருவேப்பிலையைக்கூட விலைக்கு வாங்கினார்கள்.

1986இல் பக்கத்து வீட்டுப் பேச்சி, மாடியில் போட நாலு புடலை விதை கேட்டாள். குழாயில் ஆறு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வருகிற ஊரில் இப்படிக் கேட்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். அரிசி கழுவின தண்ணீர், பிள்ளை குளித்த தண்ணீர் எல்லாம் மாடியேறின. மூன்றாம் மாதம் பேச்சி வீட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி புடலங்காய்கள் தெருவில் தொங்கின. சைக்கிளில் போகிறவர்கள் அந்த வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அருப்புக்கோட்டையில் அப்படி ஒரு மரியாதை வேறு எந்த வீட்டுக்கும் கிடைத்ததில்லை.

"விதைக்கு என்னக்கா தரணும்?" என்று பேச்சி கேட்டாள்.

"ஒரு பங்கு வாங்கிட்டுப் போன. ரெண்டு பங்காத் திருப்பிக் கொண்டா. ஒண்ணு நீ வாங்குனதுக்கு. இன்னொண்ணு உனக்குப் பெறகு வாரவளுக்கு."

சட்டம் அவ்வளவுதான். கஸ்தூரி நோட்டுப் போடவில்லை. நோட்டில் பேர் ஏறினால் ஆள் தெருவை மாற்றிக்கொண்டு போவார் என்பது பலசரக்குக் கடைக்காரர் பெண்சாதிக்குத் தெரியாதா? அவள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். உள்தட்டு நிறைய விதை போட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவாள். வெளிக்கூடு, வாங்கினவர் பேரோடு அலமாரியில் வெறுமனே நிற்கும். விதை திரும்பி வந்தால் தட்டு கூட்டுக்குள் போய் அடையும். வராதவரை அது யாருடைய வெறுங்கூடு என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் படித்துக்கொள்ளலாம்.

"இதுக்கு நோட்டே தேவலை" என்றார் சுப்புராஜ்.

கடலைப்பருப்பு மூட்டைக்கு இடம் இல்லாதபடி தீப்பெட்டிகள் பெருகியதும், 1988இல் வியாபாரிகள் சங்கம் தன் கட்டடத்தின் பின்னறையைக் கஸ்தூரிக்கு விட்டுக்கொடுத்தது. அதற்கு 'விதை லைப்ரரி' என்று பேர் வைத்தவர் பாளையம்பட்டி ராஜகுரு. அரசாங்க ஆபீஸில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் பன்னிரண்டு டால்டா டின்களில் தோட்டம் போட்டிருந்தார். "புஸ்தகத்துக்குப் பதிலா புடலை. மத்தபடி லைப்ரரிதான் தாயி" என்று சொல்லி, பலகையும் அவரே எழுதிக் கொண்டுவந்து மாட்டினார்.

வதந்தியைக் கிளப்பியவரும் அவர்தான். இருபது நாளாகத் தண்ணீர் ஊற்றியும் அவருடைய மல்லி முளைக்கவில்லை. ஒரு விதையைத் தோண்டியெடுத்து முகர்ந்தார், கடித்தார். வறுத்த மல்லி. முப்பது வருடம் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாத மனிதர். இப்போது ஆதாரம் பல்லிலேயே இருந்தது.

செவ்வாய் மதியமே சங்கச் செயலாளர் நவநீதகிருஷ்ணன் கஸ்தூரியைக் கூப்பிட்டுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை கமிட்டிம்மா. அதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிக் கொடுத்துரு. சங்கத்துக்குக் கெட்ட பேரா இருக்கு."

சங்கத்தின் நல்ல பேரை அவர் சிமெண்டு மூட்டை வைத்துக் காப்பாற்றுவதாக இருந்தார். அந்தப் பின்னறையை அவர் ஆள்விட்டு அளந்து பத்து நாள் ஆகியிருந்தது.

வீட்டில் சுப்புராஜ் சமாதானம் சொன்னார். "விடு, தீப்பெட்டிதான. கடைக்குள்ளயே ஒரு ஓரத்துல வச்சுக்கிரலாம்."

"எடத்துக்காங்க நான் பாக்குறேன்? வறுத்த விதை கொடுத்தவன்னு பேரு வாங்கிட்டு ரூமைக் காலி பண்ணுனா, நாளைக்கு நம்ம கடைத் தொவரம்பருப்ப யாரு நம்பி வாங்குவா?"

சுப்புராஜ் எழுந்துபோய்த் துவரம்பருப்பு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

கஸ்தூரி ராஜகுருவுக்குக் கொடுத்த அதே டப்பா மல்லியில் ஒரு கை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். முடிந்து வைத்த பிறகுதான் கணக்குப் போட்டாள். மல்லி முளைவிட எட்டு நாளாவது ஆகும். கமிட்டிக்கு இருப்பதோ மூன்று நாள். அவசரத்துக்கு முளைக்கிற வழக்கம் மல்லிக்கு இல்லை. வியாழக்கிழமை காலை டவுன் பஸ் ஏறினாள்.

ராஜகுரு மாடியில்தான் இருந்தார். முகத்தில் கோபமில்லை, வருத்தமே இருந்தது.

"வா தாயி. நான் பொய் சொல்லல. நீயே மோந்து பாத்துக்கோ."

கஸ்தூரி டின்னுக்குள் விரலை விட்டு ஒரு விதையை எடுத்து மண்ணைத் துடைத்து முகர்ந்தாள். வறுத்ததேதான். கருகாமல், பச்சை வாடை இல்லாமல், நல்ல பதத்தில் இறக்கியிருக்கிறார்கள். இக்கட்டான அந்த நேரத்திலும் அவள் மூக்கு வறுத்த கையை மெச்சியது.

இன்னும் நாலைந்து விதையைக் கிளறி எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். உருண்டன.

"அண்ணாச்சி, இது உருளுதே."

"மல்லின்னா உருளத்தான தாயி செய்யும்?"

"என் மல்லி உருளாது. முழுசா இருக்குற மல்லிக்குள்ள ரெண்டு விதை. அத ரெண்டா ஒடைச்சாத்தான் ஒழுங்கா மொளைக்கும். பலகைய வச்சுத் தேய்ச்சு ஒடைச்சுத்தான் நான் யாருக்கும் கொடுக்குறது. எங்க ஊருல செருப்பால தேய்ப்பாக. டவுனாளுக மனசு சங்கடப்படும்னு நான் பலகைய வச்சிருக்கேன். நான் கொடுத்த தட்டத் தெறந்து பாத்தீகளா?"

ராஜகுரு யோசித்தார். தட்டை வாங்கி வந்து சமையல்கட்டு மாடத்தில் வைத்தவர், நல்ல நாள் பார்த்து ஒன்பது நாள் கழித்துத்தான் எடுத்தார். நடுவில் திறந்து பார்க்கவில்லை.

கஸ்தூரி டின்னை அப்படியே சாக்கில் கவிழ்த்தாள். மண்ணைப் பரப்பினாள். மல்லி, மல்லி, மல்லி. அப்புறம் மஞ்சளாய் ஒரு வெந்தயம். அதற்குப் பக்கத்தில் கருப்பாய், சுருங்கி, ஒன்று.

"ஏன் அண்ணாச்சி, மிளகும் வெதைச்சீகளா?"

மாடிப்படியில் காப்பித் தம்ளரோடு ஏறி வந்துகொண்டிருந்த பிச்சையம்மாள் கடைசிப் படியில் நின்றுவிட்டார். ராஜகுருவின் மனைவி. அந்த வீட்டில் அதிகம் பேசாதவர் என்று பேர் எடுத்தவர்.

"மதினி, கொழம்புப்பொடிக்கு எப்ப வறுத்தீக?" என்று கஸ்தூரி மெதுவாகக் கேட்டாள்.

"பொரட்டாசி கடைசில." பிச்சையம்மாள் தம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். "பொடிக்கு மல்லி கொஞ்சம் பத்தல. மாடத்துல ஒரு தட்டுல கெடந்துச்சு. அதையும் சட்டில போட்டுட்டேன். அன்னிக்குன்னு பாத்து இவுக வந்து தட்டுல இருந்த மல்லி எங்கன்னு சத்தம் போட்டாக. எல்லாம் வறுத்துச் சுளகுல ஆறப்போட்டிருந்துச்சு. ஒரு கை அள்ளித் தட்டுல போட்டுக் கொடுத்துட்டேன். அதுவும் மல்லிதான."

"இருவது நாளா ஊத்துனனே. பிள்ளைக குளிக்கிற தண்ணியெல்லாம் தூக்கிட்டு வந்து ஊத்துனனே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க பேப்பர் படிக்கிறப்பப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கீக. எப்பப் பாத்தாலும் பேப்பர்லதான் இருந்தீக."

ராஜகுரு சாக்கில் கிடந்த மிளகை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப கஸ்தூரி கொடுத்த விதை?"

"கொழம்புல."

"எந்தக் கொழம்புல?"

"இந்த மாசம் வச்ச எல்லாக் கொழம்புலயுந்தான்."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ராஜகுரு, யாரிடம் என்றில்லாமல்.

விஷயம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கமிட்டிக்கு வந்து உண்மையைச் சொல்வதென்றால், குழம்புப்பொடிக்கு இருபது நாள் தண்ணீர் ஊற்றினேன் என்று ராஜகுரு தன் வாயால் சொல்ல வேண்டும். முப்பது வருட சர்வீஸ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "பாப்போம் தாயி. முதுகு வேற ரெண்டு நாளாச் சரியில்ல" என்றார். கஸ்தூரி வற்புறுத்தவில்லை. கிடைத்ததை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் தீர்மானமே பின்னறைதான். நவநீதகிருஷ்ணன் கோப்பைத் திறப்பதற்குள் கஸ்தூரி மேஜைமேல் மூன்று காகிதங்களை விரித்தாள். ஒன்றில் அவள் கொடுக்கிற உடைத்த மல்லி. இரண்டாவதில் டின்னில் கிடைத்த முழு மல்லி. மூன்றாவதில் வெந்தயமும் மிளகும்.

"ஒண்ணாவது நான் கொடுத்தது. மத்த ரெண்டும் மொளைக்கலன்னு சொல்ற டின்னுல கெடந்தது. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அதற்குமேல் அவள் பேச வேண்டியிருக்கவில்லை. பதினோரு பேரில் எட்டுப் பேர் பலசரக்கு. எட்டு மூக்குகள் ஒரே நேரத்தில் மேஜைக்கு இறங்கின. சிமெண்டு வியாபாரத்தில் இருந்த நவநீதகிருஷ்ணனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"இது கொழம்புப்பொடிச் சாமானாச்சே" என்றார் ஒருவர்.

"ஒரு மல்லிகூட ஒடைபடல. வறுத்தபடிக்கே விதைச்சிருக்காக" என்றார் இன்னொருவர்.

மூத்த உறுப்பினர் சோலைச்சாமி இரண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். மண்ணில் இருபது நாள் கிடந்த சரக்கு என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

"வறுத்த பதம் சரி. வெந்தயம் கொஞ்சம் கூடுதல். யாரு வீட்டுச் சரக்கும்மா இது?"

"அது எதுக்கு அண்ணாச்சி? ரூமைப் பத்தித்தான பேச வந்தோம்" என்றாள் கஸ்தூரி.

"வெந்தயம் ஒண்ணும் கூடுதல் இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் பிச்சையம்மாள் நின்றிருந்தார். வருகிறேன் என்று சொல்லாதவர். எப்போது வந்தார் என்றும் தெரியவில்லை.

"எங்க வீட்டுச் சரக்குதான். நான்தான் வறுத்தேன், நான்தான் தட்டுல அள்ளிப் போட்டேன். கஸ்தூரி மேல தப்பில்ல. வெந்தயம் ஒழக்குக்கு ரெண்டு தேக்கரண்டி. எங்கம்மா காலத்துல இருந்து அதே அளவு. கூடுதல்னா நாளைக்கு வீட்டுக்கு வாங்க, கொழம்பு வச்சுத் தாரேன். சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

கஸ்தூரிக்காக மட்டும் என்றால் அவர் வாசலிலேயே நின்றிருப்பாரோ என்னவோ. தன் பொடியைப் பற்றி ஒருவர் சொல்லிவிட்ட பிறகு நிற்க முடியவில்லை. சோலைச்சாமி, கூடுதல் இல்லை என்று ஒத்துக்கொண்டார். அறை கஸ்தூரியிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நவநீதகிருஷ்ணனின் சிமெண்டு வேறு கிடங்கு தேடிப் போனது. ஈரத்துணியில் முடிந்துவைத்த மல்லி அடுத்த புதன்கிழமைதான் முளை காட்டியது. பார்க்க யாரும் வரவில்லை என்றாலும் கஸ்தூரி அதை ஒரு தட்டில் பரப்பி, சங்கத்து வாசலில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாள்.

1996இல் அந்தப் பின்னறையில் முந்நூற்றுப் பன்னிரண்டு தீப்பெட்டிகள் இருந்தன. குழாயில் தண்ணீர் வருவது ஆறு நாளிலிருந்து எட்டு நாளாகியிருந்தது. மாடிகளில் அவரையும் பீர்க்கும் தங்கள் பாட்டுக்குக் காய்த்தன. சைக்கிளில் போகிறவர்கள் குனிய வேண்டிய வீடுகள் ஐந்து தெருவில் இருந்தன. அந்தத் தெருக்களில் வேகமாகப் போகிறவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று கண்டுகொள்ளலாம். கஸ்தூரி கடைக்குக் குறுக்குச் சந்து ஒன்று இருந்தும், அந்தத் தெருக்கள் வழியாகச் சுற்றித்தான் போவாள். கேட்டால் சந்தில் நாய் இருக்கிறது என்பாள்.

பிச்சையம்மாள் குழம்புப்பொடிக்கு இப்போதும் அதே அளவில்தான் வறுக்கிறார். வறுப்பதற்கு முன்னால் மாடிப்படிக்கு வந்து, "பேப்பர வைங்க. தட்டு எதுவும் மாடத்துல இருக்கா?" என்று ஒரு சத்தம் கொடுக்கிறார்.

ராஜகுரு அதற்குப் பிறகு வாங்கிய கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாவற்றையும் இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஒரு நாள் தவறாமல். மல்லியை மட்டும் கொடுக்கவில்லை. அதில் அவருக்குச் சட்டப் பிரச்சினை இருந்தது.

"வெதைச்சதுக்குத்தான் தாயி ரெண்டு பங்கு. தின்னதுக்கு ஏது? எந்த லைப்ரரில அப்படி ஒரு ரூல் இருக்கு?"

"அப்ப ஒரு பங்காவது கொடுங்க அண்ணாச்சி."

ஒருதரம் இரண்டு தட்டு நிறையக் குழம்புப்பொடி கொண்டுவந்து நீட்டிப் பார்த்தார். கஸ்தூரி பொடியை வாங்கி வீட்டுக்கு வைத்துக்கொண்டாள். "இது மதினி கொடுத்தது. ஒங்க கணக்குக்கு மொளைக்கிறதாக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

போன தை மாதம் அலமாரியைத் துடைக்கும்போது, ஒரு வெறுங்கூட்டில் எழுத்து மங்கிப் போயிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து, ராஜகுரு, மல்லி, ஒரு தட்டு என்று மறுபடி அழுத்தி எழுதி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி முன்வரிசையில் வைத்தாள்.