இரண்டு பட்டங்களும் எட்டு விடைத்தாள்களும்

என் தம்பி ஜெயராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. வருடத்துக்கு இரண்டு முறை தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குப் போவான். காலில் பலகையை மாட்டிக்கொண்டு, ஆள் உயரத்தைவிடப் பெரிய பட்டம் ஒன்று இழுக்க, தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும் கைட்போர்டிங் விளையாட்டில் அவனுக்கு அப்படியொரு பைத்தியம். போன வருடம் காற்று திடீரென்று கூடியதில் பட்டம் வெடுக்கென்று இழுத்து, வலது தோள்மூட்டு நழுவிவிட்டது. இந்த ஜூலையில் மறுபடியும் கிளம்பி நின்றான். அவன் மனைவி கிரேஸ் ஒரே நிபந்தனை போட்டாள்.

"அண்ணி அளந்து பாத்து சரின்னு சொன்னா போங்க. இல்லன்னா ரெண்டு பட்டத்தையும் வித்துடுங்க."

அந்த அண்ணி நான்தான். முப்பத்தொரு வருடம் இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பட்டங்களும் தோற்க வேண்டும் என்ற ஆசையோடுதான் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ஆசை இருந்ததால்தான், கிளம்புவதற்கு முன்பே பாஸ் மார்க்கைத் தாளில் எழுதி கிரேஸ் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிடப் பதிவில் பட்டம் இழுக்கும் மிக அதிக எடை, மிகக் குறைந்த எடையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பட்டத்துக்கும் நான்கு பதிவு. அதில் குறைந்தது மூன்று தேற வேண்டும். வகுப்பில் எப்போதும் அறுபது எடுக்கும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. ஒரு பரீட்சையில் தொண்ணூறும் அடுத்ததில் இருபதும் எடுக்கும் பிள்ளைதான் தூக்கத்தைக் கெடுக்கும். தோளைக் கழற்றுவது பலமான இழுப்பு அல்ல, எதிர்பாராத இழுப்பு.

தம்பியும் நானும் காக்ஸ் டவுனிலிருந்து காலை 6.40க்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். நாள் வாடகை 3,200 ரூபாய். ஹொஸ்கோட்டே தாண்டி, கோலார் சாலையில் மொத்தம் 46 கிலோமீட்டர். அங்கே மழைக்குக் காத்துக் காய்ந்து கிடக்கும் ஓர் ஏரி. மின்கம்பி இல்லை, மரம் இல்லை. முந்தின வாரமே ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். வழியில் இட்லிக்கு நின்றதையும் சேர்த்து 8.35க்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஏற்பாடு எளிதானது. காரின் பின்பக்க இழுகொக்கியில் ஒரு பட்டை, அதில் பழைய பேப்பர் கடைகளில் இருக்குமே, அந்த எண் காட்டும் தொங்கு தராசு. தராசுக்கு மேல் பட்டத்தின் கைப்பிடியும் கயிறுகளும். தராசின் முகத்தைப் படம்பிடிக்க, மர அளவுகோலில் ரப்பர் வளையம் போட்டு என் போனைக் கட்டினேன். இரண்டு பட்டங்களுக்கும் ஒரே கைப்பிடி, ஒரே நீளக் கயிறு. தம்பி கை தன்னையறியாமல் கைப்பிடியை இழுத்துவிடாமலிருக்க, அது நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன்.

டிரைவர் நாகராஜ் தொம்மலூர்க்காரர். இதையெல்லாம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வண்டி பறந்துடாதே? ஓனர் கேட்டா நான் என்னா சொல்றது?"

"வண்டி ஆயிரத்து நூறு கிலோ. பட்டம் நாப்பது கிலோ இழுத்தா பெரிசு. நீங்களே கணக்குப் போடுங்க."

"கணக்கு வந்திருந்தா நான் ஏன் மேடம் டிரைவராவறேன்? ஸ்வல்ப ஹேண்ட்பிரேக்க மட்டும் நல்லா இழுத்து வைக்கிறேன்."

ஒன்பதரைக்குப் பழைய சிவப்புப் பட்டத்தை ஏற்றினோம். நான்கு வருடம் உழைத்தது, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. பத்து பத்துக்குப் புதிய நீலம். அது தராசில் 38 காட்டியதும் ஜெயராஜ் குதித்தான்.

"பாத்தியாக்கா! சிவப்பு இருபத்தி நாலுதான் இழுத்துச்சு. நீலம் என்னா பவரு!"

அவனோடு சேர்ந்து நானும் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் காற்றுமானியைப் பார்த்து வேகம் குறித்திருந்த நோட்டைப் பார்த்தேன். சிவப்பு பறந்தபோது காற்று மணிக்கு 19 கிலோமீட்டர். நீலம் பறந்தபோது 26. ஒரு பிள்ளைக்குச் சுலபமான வினாத்தாளும் இன்னொன்றுக்குக் கடினமான வினாத்தாளும் கொடுத்துவிட்டு ரேங்க் போட்ட கதை. இரண்டையும் அழித்தேன்.

"அக்கா, ஒன்றர மணி நேர வேலையாச்சே!"

"ரெண்டு மணி நேரம் ஆனாலும் சரி. மொதல்லருந்து."

இந்த முறை மாற்றி மாற்றி: சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடப் பதிவு. இறக்கி, மாற்றி, ஏற்றப் பன்னிரண்டு நிமிடம். 10.50க்குத் தொடங்கி 12.45க்கு முடித்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "ஷூட்டிங்கா?" என்று கன்னடத்தில் கேட்டு, அரைமணி நேரம் கதாநாயகனைத் தேடிவிட்டுப் போனார்.

அடுத்ததுதான் முக்கியம். பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமில் பதிவெண்ணை மறைத்து, வேறு எண் போட்டுத்தான் தாளைத் தருவார்கள். யாருடைய தாள் என்று தெரிந்தால் பேனா வளையும், என் பேனாவும்தான். அதனால் என் போனை நாகராஜிடம் கொடுத்தேன். எட்டுப் பதிவுகளையும் கலைத்து, ஒன்று முதல் எட்டுவரை பெயர் மாற்றச் சொன்னேன். எது எந்தப் பட்டம் என்பதைச் சீட்டில் எழுதித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதிவில் தராசின் எண் மட்டும்தான் தெரியும். தம்பியின் கூச்சல் காட்டிக்கொடுக்கும் என்பதால் சத்தத்தையும் அணைத்துவிட்டேன்.

கார் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டே திருத்தினேன். முதல் தாள்: 11, 34. ஃபெயில். இரண்டு: 14, 25. பாஸ். மூன்று: 9, 37. ஃபெயில். நான்கு: 15, 27. பாஸ். ஐந்தாவதில் பேனா நின்றது. குறைந்தது 13, அதிகம் 26. சரியாக இரண்டு மடங்கு.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு நொடி 27 வராதா என்று தேடினேன். தேடினேன் என்பதைவிட வேண்டிக்கொண்டேன் என்பதே சரி. வரவில்லை. தாண்டக் கூடாது என்று எழுதியது நான்தான். தாண்டவில்லை. பாஸ் போட்டேன். மற்ற மூன்றும் ஃபெயில்.

"சீட்ட எடுங்க, நாகராஜ்."

"சிவப்பு ரெண்டு, நாலு, அஞ்சு, ஏழு. மத்ததெல்லாம் நீலம்."

ஏழில் 12க்கு 28 வந்து சிவப்பு தோற்றிருந்தது. ஆனாலும் நாலுக்கு மூன்று. ஒட்டுப்போட்ட கிழட்டுச் சிவப்பு தேறிவிட்டது. நீலம் ஒன்றில்கூடத் தேறவில்லை. தம்பி நீலத்தைத் தடவி மடித்துப் பைக்குள் வைத்தான்.

"அந்த அஞ்சாவத நீ ஃபெயில் போட்டிருக்கலாமேக்கா. ஒனக்குத்தான் நான் போறது புடிக்கலயே."

"புடிக்கலதான். அதுக்கு மார்க் இல்ல."

கிரேஸுக்குப் போன் செய்தேன். தாளை எடுத்துவந்து நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். பிறகு எண்களைச் சொன்னேன்.

"நீங்களே சொல்றீங்களா, அண்ணி?"

"நானேதான் சொல்றேன், கிரேஸ். சிவப்பு மட்டும்."

இதேபோல் அளக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன், ஜூலையில் பத்து மணிக்கு மேல் போங்கள், அதற்குமுன் காற்று நிலைப்பதில்லை. தண்ணீரும் தொப்பியும் அவசியம். பத்து கிலோமீட்டருக்குக் கடை கிடையாது. விமானத் தளங்களுக்குப் பக்கத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பட்டத்தைக் கழற்றிவிடும் அவசரப் பிடியை முதலில் சோதியுங்கள். ஏரிக்காற்று கடல்காற்றைவிட முரடு, அதனால் எங்கள் எண்கள் கடலுக்குப் பொருந்தாது. எந்தப் பட்டம் மற்றதைவிட அமைதியானது என்பதற்கு மட்டுமே அவை சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ் மார்க்கை வீட்டிலேயே எழுதி, உங்களிடம் திருப்பித் தராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சனிக்கிழமை காலை ஜெயராஜ் சிவப்போடு பஸ் ஏறினான். நீலம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சாவி கிரேஸிடம். ஞாயிறு மதியம் கோவிலிலிருந்து திரும்பியதும் இரண்டு பேரும் போனை மேசையின் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று பத்துக்கு மணி அடித்தது. எடுத்ததும் கிரேஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் கைல போன புடிச்சிருக்கீங்க?"

"வலது கைலதான்," என்றான்.