தாய்மாமன் சீரில் ஒரு பாக்கி

எங்கள் பக்கத்தில் தாய்மாமனாகப் பிறந்தவனுக்கு வேலைக்குக் குறைவே இல்லை. அக்கா பையனுக்கு முதல் மொட்டை என் மடியில்தான் நடந்தது. காது குத்தும் என் மடியில்தான். மொட்டையடிக்கும்போது என் பட்டு வேட்டியை நனைத்தான். காது குத்தும்போது என் கட்டைவிரலைப் பிடித்து ரத்தம் கட்டும் அளவுக்கு நசுக்கினான். இரண்டையும் நான் இன்றுவரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

காது குத்தியபோது அவனுக்கு ஐந்து வயது. அந்த விருந்தில்தான் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. பந்தியில் பக்கத்தில் இருந்த பங்காளி ஒருவர், "எல்லாச் சீரும் மாமன் கையாலயே முடிஞ்சு போச்சு. இனி என்னப்பா பாக்கி?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். "மொதப் பீரு இருக்குதுங்களே! அதுவும் மாமன் சீருதான். பதினாறு முடியட்டும், என்ற கையாலயே ஊத்தித் தாரேன்" என்றேன்.

பந்தியே சிரித்தது. ஒருவருக்குப் புரையேறி உச்சந்தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. ஒரு தமாசுக்கு அவ்வளவு வரவேற்பு கிடைத்தால், அதை ஒரே நாளில் விட்டுவிட யாருக்குத்தான் மனசு வரும்? அடுத்து வந்த பொங்கல், கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் அதையே ஓட்டினேன். பையனைக் கண்டதும், "மாப்ள, ஒரு சீரு பாக்கி இருக்குது, மறந்துறாத" என்பேன். அவன் சரிங்க மாமா என்று தலையாட்டுவான். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரித்தானா என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அக்கா வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வடக்கே எங்கெங்கோ போர் போட்டுவிட்டு வண்டி மழைக்காலத்தில் ஊர் திரும்பும். பையனுக்குப் பதினாறு முடிந்த வருடம் ஆளுக்கும் வண்டிக்கும் சேதமில்லாமல் திரும்பியதால், புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் அவர்கள் கருப்பனார் கோயிலில் கிடா வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து.

கிடா விருந்தின் ஒழுங்குமுறை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். கோயில் பக்கம் அடுப்பு, பந்தி, பெண்கள், குழந்தைகள். தென்னந்தோப்பின் கடைசியில் ஒரு கார். அந்தக் காரின் டிக்கியில் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து, "வண்டிய நெழல்ல உட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போவார்கள். பஸ்ஸில் வந்து இறங்கியவரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போவார். பெண்களும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "போயிட்டு வாங்க" என்பார்கள். பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எழுதாத சட்டம். அதனால் டிக்கிக்குப் பக்கத்தில் என்ன நடந்தாலும் அங்கே நிற்கும் ஆண்கள் எல்லோரும்தான் பொறுப்பு. எல்லோரும் பொறுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்குக் கார் என்னுடையது. சாவி என் இடுப்பில் இருந்தது. எட்டுப் பேர் வட்டமாக நின்றுகொண்டிருந்தோம். நான் முதல் டம்ளரில் பாதியைத் தாண்டியிருந்தேன். அப்போது மரங்களுக்கு நடுவே அக்கா பையன் வந்தான். பதினாறு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. புதுச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டிருந்தான். கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராக வந்திருக்கிறான்.

"மாமா, அந்தச் சீரு இன்னைக்குத்தானுங்களா?" என்று கேட்டான்.

எட்டுப் பேரும் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்துவிட்டன. "உரிமையோட கேக்கறாம் பாரு! ஊத்துப்பா!" என்றார் ஒருவர். அந்தக் கூட்டத்தில் ஒரு வாத்தியாரும் இருந்தார். போதை ஒழிப்பு ஊர்வலத்தில் பேனரின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கிறவர். "பீர்ல என்ன இருக்குது? வெறும் பார்லித் தண்ணி" என்றார் அவர். இன்னொருவர், "பெரியவிய முன்னால குடிச்சுப் பழகுனாப் பசங்க கெட்டுப் போகமாட்டாங்க" என்றார். அந்தத் தத்துவத்தை நானே பல கிடா விருந்துகளில் பேசியிருக்கிறேன். பையனுடைய அப்பா அங்கே பந்தியில் கறி பரிமாறிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்க வேண்டாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமன் இருக்கும்போது அப்பன் எதற்கு?

இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்று டாஸ்மாக் கடைச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. முந்தின நாள் அந்தச் சுவருக்குக் கீழே வரிசையில் நின்றுதான் நான் பீர்ப் பெட்டியை வாங்கினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு நேரமும் இருந்தது. ஆனால் அது கடைக்காரனுக்குச் சொன்னது என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

சபையில் சொன்ன சொல், பதினொரு வருடம் சொன்ன சொல். மாமன் தலைப்பாகை கட்டாமல் சீர் உண்டா என்று யாரோ எடுத்துக்கொடுக்க, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன். பேப்பர் டம்ளரில் நுரை தளும்ப ஊற்றி நீட்டினேன். அவன் தீர்த்தம் வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். பிறகு என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "மாமா, கண்டிப்பாக் குடிக்கோணுமுங்களா?" என்றான்.

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். காது குத்த ஆசாரி கம்பியை எடுத்தபோது இருந்த அதே முகம். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடத் தயாராக நின்றான். அன்றைக்கு, "ஒண்ணுமில்ல சாமி, மாமன் இருக்கறன்" என்று சொல்லி அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்கு மட்டுமா பிடித்தேன்? எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காகவும்தான். இன்றைக்கும் அதே பிடிதான். தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பெரிய மனிதர்களில் வேண்டாம் என்று சொல்ல ஒருவனும் இல்லாமல், பதினாறு வயதுப் பையன்தான் அதை வாய்திறந்து கேட்க வேண்டியிருந்தது.

டம்ளரைத் திரும்ப வாங்கினேன். "இவனுக்கு வயசு பத்தாதுங்க" என்றேன்.

"நீதானப்பா பதினாறுன்னு சொன்ன?" என்றார் பங்காளி. காது குத்து விருந்தில் கேள்வி கேட்டாரே, அதே பங்காளிதான்.

"தப்பாச் சொல்லிப் போட்டனுங்க."

"பதினோரு வருசமாவா தப்பாச் சொன்ன?"

"ஆமாங்க. பதினோரு வருசமாத்தான்."

 என் இடது கையில் இருந்த என்னுடைய டம்ளரைப் பையன் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட ஏதாவது சாமர்த்தியமாகப் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.  இரண்டு டம்ளரையும் பக்கத்துத் தென்னையின் தூரில் கவிழ்த்தேன்.

"அந்த மரத்துக்கு வயசு ஆயிருச்சாப்பா?" என்றார் வாத்தியார்.

"நட்டு முப்பது வருசமாச்சுங்க. அதுக்குத் தாராளமாக் குடுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் டிக்கியைச் சாத்திப் பூட்டி, சாவியை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டேன். சிரிப்பு சட்டென்று நின்றது. பெட்டி உள்ளே இருக்கிறது, ஐஸ் கரைகிறது, கறி ஆறுகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "பசங்க அத்தன பேரும் சோறு தின்னு ஊடு போய்ச் சேரட்டுமுங்க. அதுக்கப்பறம் தொறக்கறன்" என்றேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் இன்னும் மூன்று பையன்கள், இவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் கவனித்திருந்தேன். அவர்களுக்கும் மாமன்கள் உண்டு. அந்த மாமன்களில் இரண்டு பேர் என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"பெரிய யோக்கியனாட்டப் பேசறான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது சரிதான். யோக்கியனாகி அரை நாழிகைகூட ஆகாதவனுக்குக் கோபப்பட உரிமை கிடையாது. துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பையனோடு பந்திக்கு நடந்தேன்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் மூன்று தடவை சோறு வாங்கினான். குழம்பு வாளியோடு வந்த அக்கா நின்று பார்த்தாள். "ரெண்டு நாளா ஒரு வாய்ச் சோறு எறங்கல. பரிச்சைப் பயமோ என்னமோன்னு இருந்தேன். கறியக் கண்டதும் தெளிஞ்சுட்டானாட்ட இருக்குது" என்றாள். நான் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்காவுக்கு நான் இன்றுவரை பயந்தவன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் கிடாவுக்கு அடுத்து என்னைத்தான் வெட்டியிருப்பாள்.

சாப்பிட்டு முடித்துத் தொட்டிக்குழாயில் கை கழுவும்போது அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, அப்ப அந்தச் சீரு இருபத்தொண்ணுலங்களா?"

"எந்தச் சீரும் கெடையாது சாமி. அப்படி ஒரு சீரே ஒலகத்துல இல்ல. சும்மா தமாசுக்குச் சொன்னது."

அவன் கை கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"தமாசுங்களா?" என்றான். "இத மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க மாமா. அஞ்சு வயசுல இருந்து பயந்துட்டு இருக்கறேன்."