இது எம் புள்ள வாயி இல்லீங்க

முகச்சீரமைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸாக இருந்தேன். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். ஆபரேஷன் என்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டும் பெற்றோரை நிறையப் பார்த்தவள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் கலைச்செல்வி வந்தாள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை. அவள் கைக்குழந்தைக்கு மேலுதட்டிலிருந்து இடது கன்னம் வழியாகக் கீழ் இமை வரை பிளவு. மேல்வாய் அண்ணமும் பிளந்திருந்தது. அபூர்வமான கேஸ். இடது கண் மூடவே மூடாது. ஆபரேஷன் தள்ளிப்போனால் பார்வை போய்விடும்.

அதற்கு முன் அண்ணத்தில் பிளேட் பொருத்த வேண்டும். வாயில் இம்ப்ரெஷன் எடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் செய்வோம்; பிளேட்டை அந்த மாடலுக்குப் பொருந்தத்தான் செய்வார்கள். அடுத்த வாரம் மாடலை அவளிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இது எம் புள்ள வாயி இல்லீங்க."

"பேரு எழுதியிருக்குது பாரும்மா."

"பேரு இருக்குது. பொளவு சோத்தாங்கை பக்கமில்ல இருக்குது?"

நழுவச் சாக்குத் தேடுகிறாள் என்றே நினைத்தேன். "கிட்னிய எடுத்துருவாங்கடி" என்று அவள் புருஷன் போனில் கத்தியது என் காதிலும் விழுந்திருந்தது.

"அச்சுல எடுத்தா பக்கம் மாறித்தாம்மா தெரியும்" என்று அடித்துவிட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டு வருஷமா அச்சுலதாங்க பொம்ம எடுக்குறேன். அச்சுதான் மாறி இருக்கும், அதுல ஊத்துன பொம்ம மாறாது. யாரு புள்ளைக்கோ செஞ்சத எம் புள்ள வாயில வைக்கப் பாக்குறீங்களா? நான் வூட்டுக்குப் போறேன்."

குழந்தையைத் துண்டில் சுற்றினாள். போனால் திரும்ப மாட்டாள். லேப்புக்கு ஓடினேன்.

இன்னொரு குழந்தையின் பெயரில் இருந்த மாடலில் பிளவு இடப்பக்கம். இரண்டையும் ஒரே ட்ரேயில் காயவைத்து, அப்புறம் பெயர் எழுதியது நான்தான். கூனிக்குறுகித் திரும்பி வந்தேன்.

"தப்பு என்னுதும்மா."

சரியான மாடலை வாங்கிக் கட்டைவிரலால் தடவினாள். குழந்தையின் வாயைத் திறந்து ஒப்பிட்டாள். "அச்சு மேலயே பேர எழுதிடணுங்க. நாங்க அப்படித்தான் செய்வோம்" என்றாள். துண்டைப் பிரித்தாள்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, புதிதாக வந்த நர்ஸுகளுக்கெல்லாம் சொன்னேன்: தாய் சந்தேகப்பட்டால் முதலில் உங்கள் கையெழுத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு போட்டோ அனுப்பினாள். இவன்தானா என்று பெரிதாக்கி, கன்னத்துத் தழும்பைத் தேடிப் பார்த்தேன். இடப்பக்கம்தான். இரண்டு கண்களையும் மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.