தேவாரம் சாமிக்கு ஒரு சீட்

காலையில் கம்பத்தில் ஜீப் கிளம்பத் தயாராக நிற்கிறது. காட்டுப் பாதை தொடங்கும் சத்திரம் என்ற ஊரில் மதியம் வனத்துறை கேட்டை அடைத்துவிடும். அதற்குள் சேர்ந்தால்தான் இன்று சபரிமலைக்கு நடக்க முடியும்.

மாலை போட்ட எல்லாருமே சாமி. அதனால் போனில் சீட் கேட்டவர்களை டிரைவர் ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கிறார். நோட்டில் ‘தேவாரம் சாமி’ ஒன்றுதான். தலையில் இருமுடியோடு வந்து நிற்பவர்கள் இரண்டு பேர்.

“ஒரே ஆளுதான் ரெண்டு தடவ கூப்பிட்டாகன்னு நெனச்சுட்டேன்” என்கிறார் டிரைவர்.

“நீங்க ஏறுங்க சாமி.”

“இல்ல, நீங்க ஏறுங்க சாமி.”

இருவரும் அசையவில்லை.

“இங்கனயே மரியாத குடுத்துக்கிட்டு நின்னா மொத்த வண்டிக்கும் கேட்ட அடைச்சுருவாக!” என்று உள்ளே இருக்கும் ஒரு சாமி கத்துகிறார்.

வழியில் குமுளியில் இறங்குவதற்காக முன்சீட்டில் இருக்கும் என்னை டிரைவர் பார்க்கிறார். “சார் மாலை போடலையே? குமுளிக்கு பஸ் நெறைய இருக்கு.”

இறங்குகிறேன். முன்சீட்டில் யார் உட்காருவது என்று இருவரும் மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.