தெருவின் மானம்

ஆய்வகத்தில் அவளுக்கு உப்பக்கா என்று பெயர். கடலோர நகரத்தின் நிலத்தடி நீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு கழிவு என்று சொல்வது அவள் வேலை. வீட்டிலும் தம்ளரை மோந்து பார்க்காமல் குடிக்க மாட்டாள். "என்னையும் பாட்டில்ல அடைச்சுக் கொண்டு போயிடாத தாயே" என்பான் கணவன்.

அப்பேர்ப்பட்டவள்தான் சாயப்பட்டறைத் தெருவில் கோட்டை விட்டாள். கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, குழாயில் தேங்கியது வெளியேறிய பிறகே தண்ணீர் பிடிக்க வேண்டும். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. "நீங்க உட்காருங்க, நான் பிடிச்சுத் தர்றேன்" என்று வீட்டுக்காரி பாட்டிலை உள்ளே கொண்டு போனாள். இவளும் விட்டுவிட்டாள்.

குடிக்க உகந்த தண்ணீர் என்று முடிவு அமோகமாக வந்தது. மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த குடிநீர் லாரியை நிறுத்தினார். அந்த வாரமே அங்கே குழந்தைகள் வாந்தியெடுக்கத் தொடங்கின. உப்பக்கா அலறியடித்து ஓடினாள்.

"அன்னைக்கு எதைம்மா பிடிச்சுக் குடுத்தீங்க?"

"லாரித் தண்ணிதான். அந்த நாத்தத்தையா ஆபீசுக்குக் குடுத்தனுப்புறது? நாலு பேர் எங்க தெருவைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

உப்பக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டின. சாயக் கழிவை மண்ணுக்குள் விட்டவன் காரில் போகிறான். அதைக் குடிப்பவள் வெட்கப்படுகிறாள்! மோட்டாரைப் போட்டாள். ஊதா நிறத்தில் நுரை தள்ளியது. குழாயில் தேங்கியது வெளியேறும் வரை நின்று, தன் கையாலேயே பாட்டிலை நிரப்பினாள்.

"முடிவு மேல போயாச்சும்மா. அடுத்த சுற்றுப் பரிசோதனை மழைக்கப்புறம்தான்" என்றார் மேலதிகாரி, அவள் பாட்டிலோடு வந்து நின்றதும்.

"மழை பெஞ்சா எல்லாக் கிணறும் யோக்கியமாயிடும் சார். அதுவரைக்கும் பிள்ளைங்க எதைக் குடிக்கும்?"

"காய்ச்சிக் குடிக்கட்டும்."

"சாயத்தைக் காய்ச்சினா சுடச்சுடச் சாயம் சார்."

அவர் முகம் இறுகியது. "தப்பு உன்னோடதுன்னு எழுதிக் குடு, மறுபரிசோதனை போடறேன். பதவி உயர்வை மறந்துடணும்."

பயந்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் நின்றபடியே எழுதினாள்: 'மாதிரியை நான் பிடிக்கவில்லை. பிடித்ததைப் பார்க்கவும் இல்லை.' எழுதியதை நீட்டிவிட்டு, மேசைமேல் பாட்டிலைத் திறந்து வைத்தாள். குளிரூட்டிய அறை முழுக்க அழுகல் நாற்றம் பரவியது.

"ஐயோ, மூடும்மா!"

"லாரி சார்?"

"அனுப்பித் தொலைக்கிறேன், மூடு!"

"முதல்ல கையெழுத்து."

ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் அந்தத் தாளிலேயே 'லாரி அனுப்பவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் அவள் மூடியைத் திருகினாள்.